ஓசூர் சாலையோரப் புரசபை: தெருவில் வேகம், மேசையில் தேக்கம்

பெங்களூரு என்றதும் மாநகராட்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் சாலையின் இருபுறமும் மனை வாங்கி வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மாநகராட்சியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது பழைய எல்லைக்குள் இருந்த பகுதிதான் பங்கு போடப்பட்டது. ஆனேக்கல் வட்டத்துச் சிறு நகரங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. எங்களுக்குக் குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், கந்தாயம் எனும் சொத்துவரி எல்லாமே 1964ஆம் ஆண்டின் கர்நாடக நகராட்சிகள் சட்டப்படி இயங்கும் புரசபையின் பொறுப்பு. 20,000 முதல் 50,000 வரை மக்கள் வாழும் ஊருக்கு அமைவது புரசபை. தமிழ்நாட்டுப் பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். இந்தப் பகுதிக்குக் குடிவர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக, எங்கள் புரசபையின் சேவைகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் இறங்கி முடிக்கிற வேலைகளில் இந்த அலுவலகம், அதன் ஆள்பலத்தையும் வருமானத்தையும் வைத்துப் பார்த்தால், நன்றாகவே இயங்குகிறது. கையெழுத்தில் முடிகிற வேலைகளில்தான் மனிதனின் பொறுமையைச் சோதிக்கிறது.

குடிநீரிலிருந்து தொடங்கலாம். காவிரி எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், முன்பு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களை நோக்கியது. ஆகவே ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும்தான் எங்களுக்கு ஆதாரம். இந்த ஏற்பாடு முழுவதும் வால்வு திறந்துவிடும் ஒரு மனிதரை நம்பி ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அவரை நீருகண்டி என்றும் எங்கள் தெருத் தமிழர்கள் வாட்டர்மேன் என்றும் அழைக்கிறார்கள். இடுப்புயரமுள்ள இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். குழியின் மேலுள்ள கல்பலகையைக் காலாலேயே ஒதுக்கி, சேற்றுக்குள் சாவியை இறக்கி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துத் திருப்புவார். பிறகு குனிந்து குழாயின் ஓசையைக் கேட்பார். காற்றுதான் வருகிறது என்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். உடனே தெருவின் வாட்சப் குழுவில் இரண்டு சொற்களில் செய்தி போட்டுவிடுவார். மோட்டார் எரிந்துபோனதைப் பொறியாளர் அறிவதற்கு முன்பே நாங்கள் அறிந்து, டாங்கருக்குச் சொல்லிவிடுகிறோம். கோடையில் தண்ணீர் குறைவதற்குப் புரசபையைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலத்தடியில் நீர் இருந்தால்தானே அவர்கள் இறைக்க முடியும்? ஆனால் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற பட்டியலை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்குக் கூடவா முடியவில்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

குப்பைச் சேவைக்கு என் முழுமனதான பாராட்டு உண்டு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக்குப்பை, உலர்குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்லின. அந்த விதியை எங்கள் தெருவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அதிகாரி அல்லர், ஆட்டோ டிப்பரோடு வரும் பௌரகார்மிகப் பெண்மணி, அதாவது துப்புரவுப் பணியாளர். பெங்களூருப் பகுதியில் இந்த வேலையைச் செய்பவர்களில் பலரைப் போல அவரும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். எங்களிடம் தெலுங்கு வாடை வீசும் தமிழில் பேசுவார். வாளியை வாங்கியதும் கவிழ்க்கமாட்டார்; முதலில் உள்ளே பார்ப்பார். காய்கறித் தோலுக்கு அடியில் பால் கவர் ஒளிந்திருந்தால் இரண்டு விரல்களால் எடுத்து, "அக்கா, இது உங்களுக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து கலந்த குப்பை வருவதில்லை. அபராத அறிவிப்புப் பலகை பல மாதங்களாகச் செய்ய முடியாததை அந்த இரண்டு விரல்கள் செய்திருக்கின்றன. அவருக்குக் கையுறை ஒழுங்காகத் தரப்படுவதில்லை என்பதையும் இந்த மதிப்பீட்டில் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

கந்தாயம் கட்டுவது இப்போது எளிது. கணினியில் சொத்து எண்ணைக் கொடுத்தால் சலான் வந்துவிடுகிறது. வங்கியிலோ இணையத்திலோ கட்டிவிடலாம். ஏப்ரல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. மே, ஜூன் மாதங்களில் தண்டம் இல்லை. ஜூலையிலிருந்து மாதத்துக்கு 2 சதவீதம் ஏறத் தொடங்கும். சில ஆண்டுகளில் தள்ளுபடிக் காலத்தை அரசு நீட்டித்ததும் உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வரி அரசின் வழிகாட்டி மதிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால், பத்திரப்பதிவுத் துறை மதிப்பைக் கூட்டும்போதெல்லாம் நம் ரசீதிலும் அது தெரியும். ரசீதைக் கவனித்துப் படிப்பவர்கள் அதில் நூலக, சுகாதார உபவரிகளோடு, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கென்று தனியே 3 சதவீத உபவரியும் இருப்பதைப் பார்க்கலாம். 1975ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது அது. எங்கள் தெருவில் அதைக் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

இனி காத்தா. பெங்களூருத் தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்தால் வெயிலைப் பற்றியும் காத்தாவைப் பற்றியும் பேசாமல் பிரிவதில்லை. சொத்து யார் பெயரில் உள்ளது, வரி யாரிடம் வாங்க வேண்டும் என்பதற்காகப் புரசபை வைத்திருக்கும் கணக்குதான் காத்தா. அது உரிமைப் பத்திரம் அன்று. ஆனாலும் 2024 அக்டோபருக்குப் பிறகு இ-காத்தா இல்லாமல் விற்பனைப் பத்திரம் பதிவாகாது என்ற நிலை வந்துவிட்டதால், அதன் மதிப்பு பத்திரத்துக்கு நிகராக ஏறிவிட்டது. விற்பனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, மின்கட்டண ரசீது, ஆதார், உரிமையாளரின் படம், வீட்டின் படம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால், கேஸ் ஒர்க்கர் எனும் கோப்பு எழுத்தர் சரிபார்த்து, பில் கலெக்டரோ வருவாய் ஆய்வாளரோ நேரில் வந்து பார்த்து, இறுதியில் புரசபையின் தலைமை அலுவலரான முக்கியாதிகாரியின் மின்னணுக் கையொப்பத்தோடு படிவம் 3 என்ற இ-காத்தா வெளிவர வேண்டும். காகிதத்தில் படிக்க அழகான ஏற்பாடுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஊர்களில் பல நேற்றுவரை கிராம பஞ்சாயத்துகளாக இருந்தவை. அன்றைக்குக் கையால் எழுதப்பட்ட பதிவேடுகளும் படிவம் 9, படிவம் 11 என்ற தாள்களும்தான் இன்றைய கணினிக் கணக்குக்கு மூலம். பழைய பதிவேட்டில் மனையின் அளவு அடியில் இருக்கும். பத்திரத்தில் மீட்டரில் இருக்கும். எல்லைகளில் வடக்கே "காலி இடம்" என்று எழுதியிருக்கும், இன்று அங்கே மூன்று மாடி வீடு நிற்கும். பெயரோ, ஒன்றில் தகப்பனார் பெயரோடு, இன்னொன்றில் தலைப்பெழுத்தோடு, ஆதாரில் வேறொரு வகையில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தத் தலைப்பெழுத்தில்தான். ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம், அதற்கு ஒரு நோட்டரி, அதற்குப் பிறகு "நாளெ பன்னி", அதாவது நாளைக்கு வாருங்கள். இந்த இரண்டு சொற்களைக் கேட்காமல் பெங்களூருவில் குடியிருந்தவர் யாரும் இருக்க முடியாது.

விவசாய நிலத்தை 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டப்படி டி.சி. கன்வர்ஷன் (வேறு பயனுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் அனுமதி) செய்யாமல் மனையாகப் பிரித்து விற்றதை இங்கே ரெவின்யூ சைட் என்கிறார்கள். ஓசூர் சாலையில் இருப்பவற்றில் கணிசமானவை அப்படிப்பட்டவை. விலை குறைவு என்பதற்காக நம்மவர்கள் விரும்பி வாங்கியவையும் அவையே. முறையான அனுமதியில்லாத மனைகளுக்கென்று உள்ள தனிக் கணக்கான பி-காத்தாவை இவற்றுக்குத் தருவதற்கு 2025 பிப்ரவரியில் மாநில அரசு தனி முனைப்பை அறிவித்தபோது எங்கள் புரசபையின் முன்னால் நின்ற கூட்டம், ரேஷன் கடையில் சர்க்கரை வந்த நாளை ஒத்திருந்தது. அந்த நெருக்கடியில் ஊழியர்கள் விடுமுறையிலும் வந்து வேலை செய்ததைப் பார்த்தேன். அதை மறைப்பது நியாயமாகாது. அதே நேரத்தில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தரகர்களின் கோப்புகள் நகர்ந்த வேகமும், நேரே வந்தவர்களின் கோப்புகள் நகர்ந்த வேகமும் ஒன்றாக இல்லை. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து கர்நாடகத்திலேயே இருக்கிறது. 2012 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய சகாலா திட்டத்தில், ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை வேலைநாள் என்று வரையறுத்திருக்கிறார்கள். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. இழப்பீட்டுத் தொகை பெரிதன்று. விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே தரவேண்டிய சகாலா எண்தான் பெரிது. எங்கள் அலுவலகத்தில் அதைக் கேட்காதவர்களுக்குத் தரமாட்டார்கள்; கேட்டால், "சர்வர் இல்லை சார், அப்புறம் தருகிறோம்" என்பார்கள். அங்கேயே நின்று, முகம் சுளிக்காமல், எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். எண் விழுந்த விண்ணப்பம் நிலுவைப் பட்டியலில் ஏறி மேலிடத்துக்குத் தெரிந்துவிடும் என்பதால், அதன் பிறகு கேஸ் ஒர்க்கரின் பேச்சிலேயே ஒரு மாற்றம் தெரியும். வெறும் தபால் முத்திரை குத்திய நகலோடு வீடு திரும்பியவர்களின் கோப்புகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விவரத்தை மருத்துவமனையே அனுப்பிவிடுகிறது. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஓராண்டைத் தாண்டினால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு தேவைப்படும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அச்சிடுவதற்கு முன் திரையில் காட்டச் சொல்லிப் பெற்றோர் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது. சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. கன்னடம் பேச மட்டும் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துப் போகலாம். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் அம்மையார் திருத்தம் சொன்னால் கோபப்படுவதில்லை, திரையை நம் பக்கம் திருப்பியே வைத்துவிடுகிறார்.

தெருவிளக்குக்கும் சாக்கடை அடைப்புக்கும் ஜனஹித செயலியில் புகார் செய்யலாம். விளக்கு சீக்கிரம் வந்துவிடும். சாக்கடைக்கு வார்டு உறுப்பினரிடம் சொல்வதே பலன் தருகிறது. மழைக்காலத்துக்கு முன் சொன்னால் அவர் ஆள் அனுப்புவார், மழை பிடித்துக்கொண்ட பிறகு அவரையே பிடிக்க முடியாது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். திங்கட்கிழமை வேண்டாம். மதிய உணவுக்குப் பிறகு பொறியாளரும் முக்கியாதிகாரியும் மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விடும் நாட்கள் அதிகம் என்பதால் காலையிலேயே போவது நல்லது. ஒவ்வொரு தாளிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து விலை சொல்கிறார். வருவாய்ப் பிரிவு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழே தபால் பிரிவில் சொன்னால் கேஸ் ஒர்க்கர் இறங்கி வருவார். இதை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு மறுத்ததை நான் பார்த்ததில்லை.