சாலேயும் ஹாதியும்

ஏமனில் அலி அப்துல்லா சாலே பெயர் தெரியாதவர் இல்லை. 1978-இல் வட ஏமன் அதிபரானார். அவருக்கு முன் இருந்தவர் கொல்லப்பட்டிருந்ததால், இவரும் நீடிக்க மாட்டார் என்றே பலர் நினைத்தார்கள். மனிதர் 33 ஆண்டு தாக்குப்பிடித்தார். 1990-இல் தெற்கும் வடக்கும் இணைந்தபோதும் நாற்காலி அவருக்குத்தான். ஏமனை ஆள்வது பாம்புகளின் தலைமேல் ஆடுவது போன்றது என்று அவரே சொல்வார். 2011 போராட்டத்தில் அரண்மனை மசூதியில் குண்டு வெடித்து உடல் கருகியும் பிழைத்துக்கொண்டார். பதவி மட்டும் 2012-இல் போனது. அப்புறம் செய்ததுதான் விசித்திரம்: தான் ஆறு முறை போர் தொடுத்த வடக்கின் கிளர்ச்சியாளர்களான அதே ஹூதிகளோடு கைகோத்தார். 2017 டிசம்பரில் அவர்களை விட்டு விலகினார், சில நாளில் அவர்கள் கையாலேயே இறந்தார்.

அப்துரப்பு மன்சூர் ஹாதி வேறு ரகம். தெற்கின் அபியானைச் சேர்ந்த ராணுவக்காரர். தெற்கின் தலைநகராக இருந்த ஏடனில் 1986-இல் ஆள்வோருக்குள் நடந்த சண்டையில் தோற்ற அணியோடு வடக்கே வந்தார். 1994 முதல் 2012 வரை துணை அதிபர். ஆனால் பெயர் அடிபட்டதே இல்லை. அந்த அடக்கம்தான் அவரைச் சாலேக்குப் பிடித்துப்போகக் காரணம் என்பது என் எண்ணம். 2012 தேர்தலில் இவர் ஒருவரே வேட்பாளர். 2015-இல் ஹூதிகளின் வீட்டுக்காவலிலிருந்து ஏடனுக்கும், பிறகு ரியாத்துக்கும் தப்பினார். உலகம் அங்கீகரித்த அதிபர்தான், ஆனாலும் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே ஆட்சி. 2022 ஏப்ரலில் அதிகாரத்தை எட்டுப் பேர் மன்றத்திடம் ஒப்படைத்தார்.

பெயரும் புகழும் என்று பார்த்தால் போட்டியே இல்லை, சாலேதான். ஆனால் உயிரோடு பதவியை விட்டு, உயிரோடே இருப்பவர் ஹாதி.