"இன்னைக்கு மூடியிருக்கு" என்று சொன்னவனை நம்பி பாங்காக்கில் 45,000 பாட் போச்சு

நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதினாலாவது மனசு ஆறும் என்று என் பையன் சொன்னான், அதனால் எழுதுகிறேன். 45,000 பாட். கார்டு பில்லில் வந்து நிற்கிற கணக்குப்படி நம் பணத்தில் ரூ.1,24,300. அதை அடைக்க எடுத்திருப்பது பெண்ணின் கல்யாணத்துக்கென்று கட்டிய சீட்டுப் பணம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து பாங்காக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் வியாபாரம் தெரியாதவள் இல்லை. சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே பதினோரு வருஷமாக நைட்டி, குர்த்தி, குழந்தைத் துணி விற்கிறேன். ஈரோடு சந்தைக்கும் பெங்களூரு சிக்பேட்டைக்கும் தனியாகவே போய்ச் சரக்கு எடுத்து வருகிறவள். 2023 நவம்பரில் நமக்கு விசா இல்லாமல் தாய்லாந்து போகலாம் என்று ஆனதிலிருந்து நம் பக்கத்து ஆட்கள் குரூப் குரூப்பாகப் போகிறார்கள். நானும் தங்கச்சியும், இங்கே வேலூரில் இருக்கிற ஒரு டூர் ஏஜென்சியில் பணம் கட்டி, பதினாலு பேரோடு சேர்ந்து போனோம். சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆச்சு, சரக்கு எடுத்த மாதிரியும் ஆச்சு என்றுதான் நினைப்பு.

சரக்கு எடுத்த இடத்தில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிராத்துநாம் என்கிற இடம் முழுக்கத் துணிக்கடை. ஒரே கடையில் மூன்று உருப்படி சேர்த்து எடுத்தால் மொத்த விலை போட்டுத் தருகிறார்கள். சைனா டவுனில் சாம்பெங் சந்து, நம் ஊர் லாங்கு பஜாரை இன்னும் நெருக்கின மாதிரி, தள்ளுவண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாஹுராத், இந்தியத் துணிக்கடைகள், பெரிய குருத்வாரா. அங்கெல்லாம் கைப்பையை முன்னால் போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன். ஒரு பாட் கூட ஏமாறவில்லை. கூட்டமே இல்லாத இடத்தில், நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஏமாந்தேன்.

நாலாம் நாள் எங்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். நானும் தங்கச்சியும் அரண்மனை பார்க்கப் போனோம், அந்தக் கிராண்ட் பேலஸ். வெள்ளைச் சுவர் ஓரமாக வாசலைத் தேடி நடக்கும்போது ஒருவர் எதிரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஐம்பது வயசு இருக்கும். கும்பிட்டுவிட்டு, இன்று காலை பூஜை நடக்கிறது, ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்று பொறுமையாக இங்கிலீஷில் சொன்னார். அதுவரைக்கும் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, டுக்-டுக்கில் நாற்பது பாட்தான் என்று அவரே ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் நம்பினேன். வேலூரில் காந்தி ரோட்டில் தினமும் பார்க்கிறோமே, கையில் ஃபைலை வைத்துக்கொண்டு பெங்காலிக்காரர்கள் வழி கேட்டால் நாம் கூடவே நடந்துபோய் ஆஸ்பத்திரி கேட்டில் விட்டுவிட்டு வருகிறோம். அந்த மாதிரி ஒரு ஆள் என்று நினைத்துவிட்டேன்.

அரண்மனை அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. காலை 8.30க்குத் திறந்து மாலை 3.30 வரை டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருநூறு அடி நடந்திருந்தால் வாசல் தெரிந்திருக்கும்.

டுக்-டுக் கொண்டுபோய் விட்ட கோயில் சின்னது, ஆள் இல்லை. உள்ளே மரநிழலில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, தமிழா?" என்றார்.

இந்த இடம்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாலு நாளாக வெளியாள் வாயில் தமிழே கேட்காமல் இருந்துவிட்டு, முன்பின் தெரியாத ஊரில், கோயிலுக்குள் ஒருத்தர் "அக்கா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தனக்கு மலேசியாவில் பினாங்கு என்றார். எந்த ஊர் என்று கேட்டார், வேலூர் என்றேன். உடனே எழுந்து நின்றுவிட்டார். "எங்க அம்மாவுக்கு சி.எம்.சி.யிலதான் ஆபரேஷன் பண்ணோம். காந்தி ரோட்டுல ரூம் எடுத்து இருபது நாள் இருந்தோம். உங்க ஊர் வெயில மறக்க முடியுமா? ஆனா உங்க ஊர்க்காரங்கதான் எங்க அம்மாவைக் காப்பாத்துனாங்க" என்று கண் கலங்கச் சொன்னார். என் தங்கச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எங்களிடம் கொடுத்தார்.

அப்புறம்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் வருஷா வருஷம் இங்கே வருவாராம், கெம்புக் கல் வாங்கிப்போய் விற்பாராம், ஒரு தடவை வாங்கினதில் தங்கை கல்யாணமே முடிந்ததாம். அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்திருக்கிற வாரம் இது, இன்றோடு முடிகிறது என்றார். "உங்களுக்கு வேணாம்னா வேணாம், சும்மா பாத்துட்டுப் போங்க அக்கா, நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். டுக்-டுக்காரன் வெளியே வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான், பத்து நிமிஷம் உள்ளே போய்ப் பார்த்தால் தனக்கு வண்டிக்கு கேஸ் நிரப்ப ஒரு கூப்பன் கிடைக்கும் என்று கெஞ்சுகிறான். பெண்ணுக்குக் கெம்பு அட்டிகை செய்ய வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. ஆசை இருந்தது, மறைக்கவில்லை.

கடை என்றால் சந்துக்கடை இல்லை. பெரிய கல் ஷோரூம், ஏசி, சீருடை போட்ட பெண்கள், உள்ளே வந்ததும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குளிர்ந்த ஜூஸ். நாற்காலியில் உட்கார வைத்து, வெல்வெட் தட்டில் ஆறு சிவப்புக் கல்லை வைத்தார்கள். ஆறும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரு புள்ளி கிடையாது. கடைக்காரன் ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடித் துண்டில் கீறிக் காட்டினான். கண்ணாடியில் கோடு விழுந்தது, கல்லில் ஒன்றும் இல்லை. போலி என்றால் கல்தான் தேயும் என்றான். மொத்தம் ஒன்பது கேரட், 70,000 பாட் சொன்னான், நான் பேரம் பேசி 45,000-க்குக் கொண்டு வந்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. லேமினேஷன் போட்ட சர்டிபிகேட் கொடுத்தான். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு 7 சதவீத வாட் திரும்பக் கிடைக்கும் என்று தெரியும், பிராத்துநாமில் பெரிய கடையில் அதற்கான படிவம் வாங்கியிருந்தேன். இங்கே கேட்டேன். சலுகை விலைக்கு அது கிடையாது என்றான். அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். தங்கச்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், "அக்கா, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளு" என்றாள். நான் பின் நம்பரைப் போட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்து அஞ்சாம் நாள், எங்கள் அம்மா காலத்திலிருந்து நகை செய்து கொடுக்கிற பத்தரிடம் கொண்டுபோனேன். அட்டிகைக்கு அளவு கொடுக்கத்தான் போனேன். அவர் ஒரு கல்லை இடுக்கியில் எடுத்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதோடு நிறுத்திவிட்டு லென்ஸைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, எவ்ளோ குடுத்த?" என்றார். நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள்ளே மெல்லிய கோடுகள், இசைத்தட்டில் இருக்குமே அந்த மாதிரி, வளைந்து வளைந்து போகிறது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுக் குமிழ். "பூமியில வெளைஞ்ச கல்லுல கோடு நேராத்தான் இருக்கும், வளையாது. இது நெருப்புல உருக்கி சொட்டு சொட்டா விட்டு வளத்த கல்லு. ஆறும் சேர்த்து ஐநூறு ரூபா தேறுனா பெரிசு" என்றார்.

பையன் வீட்டில் தேடிப் பார்த்துச் சொன்னான், 1902-லேயே ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த முறையை வெளியிட்டுவிட்டாராம். பொடியைத் தீச்சுவாலையில் விழவிட்டு உருக்கி வளர்ப்பது, அதனால்தான் கோடு வளைகிறது. கல்லின் சரக்கு அசல் கெம்புக்கு இருக்கிற அதே சரக்குதான், கடினமும் அதேதான். ஆகவே கண்ணாடியில் கீறினால் இதுவும் கோடு போடும். என் கண் முன்னால் பெரிய சோதனை மாதிரி செய்து காட்டினானே, அதற்கு அர்த்தமே கிடையாது. கல் வெறும் கண்ணாடியால் செய்தது இல்லை என்று காட்டும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிறு எரிகிறது. ஷோரூம் கார்டில் இருந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் எடுத்துப் போட்டேன். முதல் நாள், "மேடம் கவலைப்படாதீர்கள், மேனேஜர் வருவார்" என்று பதில். மறுநாள், கல்லை நேரில் கொண்டுவந்தால் 70 சதவீதம் திருப்பித் தருவோம், தபாலில் எடுக்க மாட்டோம் என்றார்கள். நேரில் வர வேண்டுமானால் இன்னொரு விமான டிக்கெட் யார் எடுப்பது? மூன்றாம் நாள் மேனேஜர் லீவ். இப்போது இரண்டு நீல டிக் மட்டும்தான். அந்தத் தமிழ் ஆள் கொடுத்த எண் உபயோகத்திலேயே இல்லை.

டூர் ஏஜென்சிக்குப் போனேன். பணம் கட்டும்போது காபி கொடுத்து உட்காரவைத்த அதே ஆள், "அது உங்க பர்சனல் ஷாப்பிங் மேடம், எங்க பிளான்லயே இல்லையே" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிளம்புவதற்கு முன் இப்படி நடக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? பேங்கில், பின் நம்பரை நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள், பொருளும் வாங்கியிருக்கிறீர்கள், இது கார்டு மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்றார்கள். ஒரு படிவம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து நாள் ஆகுமாம். பத்தர் எழுதிக் கொடுத்த சீட்டு செல்லாது, பரிசோதனைக் கூடத்துச் சான்று வேண்டுமாம். அதற்கும் செலவு. 45,000 பாட் போனதும் இல்லாமல் அது போலி என்று நிரூபிக்க நான்தான் காசு கொடுக்க வேண்டும்.

இது பாங்காக்கில் மட்டும் இல்லை என்று இப்போதுதான் படிக்கிறேன். பெய்ஜிங்கில் வாங்ஃபூஜிங் தெருவிலும் ஷாங்காயில் நான்ஜிங் ரோட்டிலும் மாணவர்கள் மாதிரி வந்து, இங்கிலீஷ் பேசிப் பழக ஆசை, வாங்க டீ குடிக்கலாம் என்று கூட்டிப்போய், ஆயிரக்கணக்கில் பில் நீட்டுகிறார்களாம். டெல்லியில் கன்னாட் பிளேஸ் பக்கம், அரசு சுற்றுலா அலுவலகம் என்று சொல்லித் தனியார் ஏஜெண்டிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். சிங்கப்பூரில் 2014-ல் வியட்நாம்காரர் ஒருவர் போன் கடையில் மண்டி போட்டு அழுத வீடியோ அப்போது எல்லாரும் பார்த்தது, நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு அய்யோ பாவம் என்று தள்ளிவிட்டேன். நம் ஜெய்ப்பூரிலேயே வெளிநாட்டுக்காரர்களிடம் இதே கல் வேலையைப் பல வருஷமாகச் செய்திருக்கிறார்கள். எங்கேயும் முதலில் வருகிறவன் விற்க வருவதில்லை. வழி சொல்லத்தான் வருகிறான்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன். விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. அரண்மனை மூடியிருக்கு, கோயில் மூடியிருக்கு என்று தெருவில் யார் சொன்னாலும் வாசல் வரை போய்ப் பாருங்கள். நாற்பது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற டுக்-டுக் ஏறாதீர்கள். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல் தெரியாதவர்கள் கல் வாங்கவே வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் அந்த ஊரிலேயே ஜி.ஐ.டி. என்று அரசு சார்ந்த ரத்தினக் கல் நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே சோதனை செய்துவிட்டுத்தான் பணம் என்று சொல்லிப் பாருங்கள், அவன் முகம் மாறுவது தெரியும். கடைக்காரனே அடித்துக் கொடுக்கிற சர்டிபிகேட் வெறும் பேப்பர். சந்தேகம் வந்தால் அங்கே இருக்கும்போதே 1155-க்கு அடியுங்கள், சுற்றுலாப் போலீஸ், இங்கிலீஷில் பேசலாம். ஊர் திரும்பிய பிறகு நான் அடித்தேன், அந்த எண் இங்கிருந்து போகவில்லை. தமிழில் பேசுகிறான் என்பதற்காக மட்டும் யாரையும் நம்பாதீர்கள், இதை எழுதும்போதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த ஏஜென்சி அடுத்த மாதம் இன்னொரு குரூப்பைக் கூட்டிப் போகிறது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் அந்த ஆறு கல்லையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பத்தரிடம் லென்ஸையும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.