பக்கெட், பாட்டில், பஞ்சு, பொறுமை: குன்னூரில் கலங்கிய மீன் தொட்டிக்கு எது கேட்கும்?

போன ஐப்பசியில் நானும் மச்சானும் ஒரே நாளில் மேட்டுப்பாளையம் இறங்கி ஆளுக்கொரு இரண்டடி தொட்டி வாங்கி வந்தோம். ஒரே கடை, அடியில் பரப்ப ஒரே கிராவல் (பொடிக்கல்), ஆளுக்கு ஆறு விடோ டெட்ரா மீன், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தேயிலைச் சரிவுதான். மூன்றாம் நாள் காலையில் இரண்டு தொட்டியும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டன. மச்சான் பக்கெட்டை எடுத்தார். நான் எடுக்கவில்லை. என் தொட்டி ஒன்பது நாளில் தெளிந்தது. அவருடையது தெளிய கார்த்திகை தீபம் தாண்டிவிட்டது.

உடனே "சும்மா இருப்பதே சுகம்" என்று முடிவு கட்ட வேண்டாம். அதே மழைக்காலத்தில் இன்னொரு கலங்கலில் நான் சும்மா இருந்து நன்றாக ஏமாந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். எந்த வைத்தியம் நல்லது என்று சண்டை போடுமுன் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பால் டீயா, கட்டன் சாயாவா? நிறம் இருந்தாலும் டம்ளருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் அது கட்டன் சாயா. தொட்டிக்குள் வைத்த மரக்கட்டையிலிருந்து இறங்கிய சாயம். எழுத்தே மறைந்துபோனால் பால் டீ. அதில் வெள்ளை, பச்சை, செம்மண் என்று மூன்று சாதி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள்தான் ஜெயிக்கிறார்.

மலையில் இன்னும் இரண்டு போலிக் கலங்கல்கள் உண்டு. ஒன்று, வெளிக் கண்ணாடியில் படியும் ஈரம். ஹீட்டர் இல்லாத கோல்டு ஃபிஷ் தொட்டியில், மஞ்சு (மூடுபனி) வீட்டுக்குள் நுழையும் நாளில் இது சகஜம். துணியால் துடைத்தால் போச்சு. மற்றது, குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஊற்றியதும் வரும் வெளுப்பு. குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். தொட்டியில் சூடானதும் அது பொடிக் குமிழியாகப் பிரிந்து வெளியேறும். டம்ளரில் வைத்துப் பார்த்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வரும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, வெள்ளைக் கலங்கல். புதுத் தொட்டியில் வருவதில் பெரும்பாலானது இதுதான். மீனின் கழிவு, மிச்சத் தீனி இவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா, கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தண்ணீரில் மிதக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியா வேறு இனம். அது மிதக்காது, ஸ்பாஞ்சிலும் கிராவலிலும் ஒட்டிக்கொண்டு, ஆமை வேகத்தில் வளரும். 25, 26 டிகிரியிலேயே அது முழுதாக நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஹீட்டர் இல்லாத தொட்டி குன்னூர்க் குளிரில் 15 டிகிரிக்கு இறங்கிக் கிடந்தால் இன்னும் இழுக்கும். சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

இங்கே பக்கெட் ஏன் தோற்றது? தண்ணீர் மாற்றியது மட்டுமே காரணமில்லை. நல்ல பாக்டீரியா தண்ணீரில் இல்லாததால் தண்ணீரைக் கொட்டினால் அது போய்விடாது. மச்சான் தினமும் பாதித் தண்ணீரை இறைத்தார், கிராவலைக் கிளறினார், ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டிப் பளிச்சென்று கழுவினார். ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் தண்ணீர் அது. முந்தின நாள் ஒட்டிய கொஞ்சநஞ்சமும் அதோடு செத்தது. மறுநாள் முதலிலிருந்து. "சுத்தமாத்தானே வெச்சிருக்கேன் மாப்ளே, அப்புறமும் ஏன் இப்படி?" என்று கேட்டார். அந்தச் சுத்தம்தான் சிக்கல்.

நான் சும்மா இருந்தேன் என்பதிலும் ஒரு கள்ளம் உண்டு. நாலாம் நாள், வீட்டில் ஏற்கெனவே இருந்த கோல்டு ஃபிஷ் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் புதுத் தொட்டியில் இறக்கிவிட்டேன். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். ஆகவே ஜெயித்தது வெறும் பொறுமை இல்லை. பழைய அழுக்கு ஸ்பாஞ்சோடு சேர்ந்த பொறுமை. தெரிந்தவர் வீட்டில் நோய் இல்லாத பழைய தொட்டி இருந்தால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்து வர வேண்டும்.

பக்கெட்டை ஒரேயடியாக மூலையில் வைக்கவும் முடியாது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறியிருந்தாலோ தண்ணீர் மாற்றத்தான் வேண்டும். கலங்கல் தெளிய இல்லை, மீன் பிழைக்க. அப்போதும் குளிரைக் கணக்கில் கொள்ளுங்கள். 50 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது. 15 லிட்டரை எடுத்துவிட்டு 14 டிகிரி குழாய்த் தண்ணீரை ஊற்றினால் தொட்டி 22-க்குக் கீழே சரியும். நான் 13 லிட்டர் குழாய்த் தண்ணீரோடு 2 லிட்டர் கொதித்த தண்ணீரைக் கலந்துகொள்கிறேன். பக்கெட் 25-ஐ ஒட்டி வந்துவிடும். (இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகாத கடுப்பு எல்லோருக்கும் தெரியும்.) குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தை பக்கெட்டிலேயே போட்டுவிட்டு, அப்புறம் ஊற்ற வேண்டும்.

அடுத்து பாட்டில். கடையில் கேட்டால் மூன்றை நீட்டுவார்கள். நீல மருந்து நோய்க்கானது. கலங்கலுக்கு அதை ஊற்றினால் நல்ல பாக்டீரியாவுக்கும் சேர்த்து அடி விழும். 'பாக்டீரியா பாட்டில்' சில சமயம் உதவும், சில சமயம் வெறும் நம்பிக்கை. எத்தனை மாதம் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்றாவது தெளிய வைக்கும் திரவம். அது பொடித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கும். கட்டியை ஃபில்டர் பிடிக்கும். வெள்ளைக் கலங்கலுக்கு இதை ஊற்றினால் இரண்டு நாள் பளபளக்கும். தீனி மிச்சம் இருக்கும் வரை மறுபடி வரும்.

ஆனால் செம்மண்ணுக்கு இதுதான் ஆள். நான் ஏமாந்த கதை இது. குன்னூருக்கு மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில்தான். மூன்று நாள் விடாமல் அடித்தால் எங்கள் வீட்டுக்கு வரும் ஊற்றுத் தண்ணீர் செங்கல் நிறத்தில் இறங்கும். வெள்ளைக் கலங்கலில் கிடைத்த தைரியத்தில் "தானாகத் தெளியும்" என்று விட்டேன். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, அப்படியே நின்றது. மண்ணை எந்த பாக்டீரியாவும் தின்னாது. களிமண்ணின் மிக நுண்ணிய துகள் வாரக்கணக்கில் மிதக்கும். ஸ்பாஞ்சின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். கடைசியில் அளவு பார்த்துத் திரவத்தை ஊற்றி, தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை ஃபில்டர் வாயில் வைத்தேன். மறுநாள் காலை பஞ்சு பூந்தொட்டி மண் மாதிரி இருந்தது. தொட்டிக்குள் மீனின் வரி தெரிந்தது. பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், கழுவிக்கொண்டிருக்கக் கூடாது. கிராவலைக் கழுவாமல் போட்டதால் வரும் தூசிக்குத் திரவம்கூட வேண்டாம், பஞ்சே போதும்.

அம்மா அப்போது சொன்ன யோசனை படிகாரம். குடிதண்ணீரை அதால் தெளிய வைத்து வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனால் மீன் தொட்டியில், அதுவும் இந்த மலைத் தண்ணீரில், வேண்டவே வேண்டாம். மழை நேராகப் பாறையில் இறங்கி வரும் மென்தண்ணீர் இது. அமிலத்தைத் தாங்கும் உப்புச்சத்து இதில் குறைவு. படிகாரம் இருக்கும் கொஞ்சத்தையும் தின்றுவிட்டு பி.எச்.சைக் கீழே தள்ளும். அமிலத் தண்ணீரில் அலுமினியம் மீனின் செவுளைக் கெடுக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் மல்லாந்திருக்கும்.

கட்டன் சாயா நிறத்துக்குப் பெரிய அலசல் தேவையில்லை. பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டை அழகாக இருக்கிறதே என்று ஒருமுறை இரண்டு நாள் மட்டும் ஊறவைத்துத் தொட்டியில் வைத்தேன். சாயமும் இறங்கியது, கட்டையில் வெள்ளைக் கோழையும் படர்ந்தது. சாயத்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை; கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் சாயத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) பை ஒன்று போதும். வெள்ளைக் கலங்கலுக்குக் கார்பன் வாங்குவது வீண்.

பச்சைக்கு யூவி (புற ஊதா) விளக்கும் கம்பளியும் மோதும். மாசி, பங்குனியில் மஞ்சு விலகி கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழத் தொடங்கினால் தண்ணீர் பாசிப் பச்சை ஆகும். பக்கெட் இங்கேயும் தோற்கும். மீந்த பாசி இரண்டே நாளில் பெருகிவிடும். யூவி சில நாளில் சுத்தமாக வேலையை முடிக்கும், ஆனால் விலை. வருடம் முழுக்க எரிந்தால் குழலின் வீரியமும் குறையும். கம்பளி வீட்டிலேயே இருக்கிறது. நாலு நாள் முழுதாகப் போர்த்தி, விளக்கு போடாமல், தீனியும் போடாமல், ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஐந்தாம் நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். செத்த பாசி அழுகி அம்மோனியா ஏறும் என்பதால் அந்தக் கடைசி மாற்றத்தை விடக் கூடாது. நான் கம்பளிக் கட்சி. அப்புறம் தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தியும் வைத்தேன், இல்லையென்றால் வருடா வருடம் இதே வேலை.

மச்சான் நடுவில் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வாங்கலாமா என்றும் கேட்டார். தெளிவு மட்டும் பார்த்தால் கேனிஸ்டர்தான். ஆனால் காற்றடிக்கும் நாளில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று கரண்ட் கம்பி மேல் சாய்ந்தால் இங்கே கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் பல மணி நேரம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் நாறிய தண்ணீரைத் தொட்டிக்குள் கக்கும். ஸ்பாஞ்சுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டிவிட்டால் இரவு தாண்டிவிடும். அவர் வாங்கவில்லை.

இப்போது அவருடைய தொட்டியும் தெளிவாகத்தான் இருக்கிறது. குழாயடியில் கழுவுவதை நிறுத்தினார், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து வைக்கிறார். போன வாரம் ஃபோன் பண்ணினார். அவர் கூட வேலை பார்ப்பவர் கோத்தகிரியில் புதிதாகத் தொட்டி வைத்திருக்கிறாராம், மூன்றாம் நாளாம், ஒரே வெள்ளையாம். "உன் பழைய ஸ்பாஞ்சுல பாதி வெட்டித் தருவியா மாப்ளே? என்னோடது இன்னும் அவ்ளோ அழுக்காகலை."