டிவி ஸ்கிரீன் துடைக்க ஆள் வெச்சேன், 18,500 ரூபாய்க்கு வேட்டு

இன்னும் ஆத்திரம் அடங்கல. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணலாம்னு, வீட்டுக்கே ஆள் அனுப்புற ஆப் ஒண்ணுல புக் பண்ணினேன். பேர் சொல்லல, சொன்னா பதிவையே தூக்கிடுவாங்க. கிச்சன், பாத்ரூம் எல்லாம் போட்டு முடிச்சதும் கடைசியில 'எல்இடி டிவி ஸ்கிரீன் கிளீனிங், 199 மட்டும்'னு வந்துச்சு. அதையும் டிக் பண்ணித் தொலைச்சேன்.

சாமி படம் ஹால்லயே இருக்கிறதால ஊதுபத்திப் புகை படிஞ்சு டிவி மங்கலாத்தான் இருந்துச்சு. ஈரத்துணியோட போன அம்மாவை, "விடும்மா, தொழில் தெரிஞ்சவங்க வர்றாங்க"ன்னு நான்தான் தடுத்தேன். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

வந்த தம்பி யூனிஃபார்ம், காலுக்கு உறைன்னு பார்க்க நம்பிக்கையா இருந்தார். அம்மா காபி கூட போட்டுக் கொடுத்தாங்க. ஜன்னல் கண்ணாடிக்கு அடிச்ச அதே நீல ஸ்ப்ரேயை டிவி பக்கம் கொண்டு போனார். "தம்பி, இதை டிவிக்கு அடிக்கலாமா?"ன்னு கேட்டேன். "டெய்லி நாலு வீட்ல அடிக்கிறேங்க சார், ஒண்ணும் ஆகாதுங்க." சரின்னுட்டேன். டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு, ரிமோட் என் கையில. ஆஃப் பண்ணக்கூடத் தோணல. நேரா ஸ்கிரீன் மேலயே அடிச்சார், சொட்டு சொட்டா வழிஞ்சு கீழ் ஃப்ரேமுக்குள்ள இறங்கிச்சு.

சாயங்காலம் ஒரு பச்சைக் கோடு. ராத்திரிக்குள்ள ஏழு. காலையில பாதித் திரை இருட்டு.

மெக்கானிக் கழட்டிக் காட்டினார். பேனலோட கீழ் ஓரத்துல ஒட்டியிருக்கிற மெல்லிசு கேபிள்ல தண்ணி ஏறியிருக்கு. இதுல முன்பக்கம் பழைய டப்பா டிவி மாதிரி வெறும் கண்ணாடி இல்லையாம், மேல பிளாஸ்டிக் ஃபிலிம். அம்மோனியா கலந்த கண்ணாடி லிக்விட் பட்டா அதோட பூச்சு போயிடும்கிறார். பேனல் மாத்த 18,500. டிவி வாங்கினதே 27,000-க்கு!

ஆப்காரங்க? "சிரமத்துக்கு வருந்துகிறோம்", மூணு தடவை. அப்புறம் 48 மணி நேரம் பொறுங்கன்னாங்க. அப்புறம் ஒரு பொண்ணு போன்ல, "முன்னாடியே ரிப்பேரா இருந்திருக்கலாம் இல்லையா சார்?" கடைசியா 199 ரூபாயைக் கூப்பனா போட்டுட்டு, புகார் தீர்க்கப்பட்டதுன்னு மூடிட்டாங்க. போனது 18,500, வந்தது கூப்பன்! நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் கொடுத்திருக்கேன். டிவி கம்பெனி வாரண்டி முடிஞ்சுபோச்சு. வாரண்டி இருந்திருந்தாலும் தண்ணி இறங்கினா கிடையாதாம்.

எப்படித் துடைக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. பிளக்கைப் பிடுங்கி ஆற விடுங்க. காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியே போதும். கறை போகலைன்னா டிஸ்டில்டு வாட்டரைத் துணியில லேசா நனைச்சுத் துடைங்க, ஸ்கிரீன்ல ஒரு சொட்டு கூட நேரா படக்கூடாது. அழுத்தாதீங்க. நியூஸ்பேப்பர், டிஷ்யூ வேணாம். லேப்டாப்புக்கும் இதேதான்.

ஆள் கூப்பிட்டே ஆகணும்னா, அவர் கை வைக்கிறதுக்கு முன்னாடி டிவி ஓடறதை வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. நான் எடுக்கல.