திருப்பூர் நூலுக்குக் கேள்வியா, தனிநபர் மசோதாவா?

பஞ்சு இறக்குமதிக்கு 2021 பட்ஜெட்டில் வரி வந்தது. எல்லாம் சேர்த்து 11 சதவீதம். அடுத்த ஆண்டு நூல் விலை ஏறித் திருப்பூர் திணறியது. அந்த நேரத்தில் வரியை நீக்கவைக்க ஓர் எதிர்க்கட்சி எம்.பி. எந்த வழியைப் பிடிக்கலாம்?

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. தானே முன்வைக்கும் சட்ட வரைவு, கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை மதியம்தான் அதற்கு நேரம். 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றும் சட்டமானதில்லை. திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய சாதனை. மக்களவையில் அதுவும் தேறவில்லை.

அவையில் வாய்மொழியாகப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்வி வேறு மாதிரி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 தான், அதுவும் குலுக்கலில் விழ வேண்டும். விழுந்து, கேள்வி நேரத்துக்குள் முறையும் வந்துவிட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம்; முறை வராவிட்டால் எழுத்தில்தான் பதில். அப்புறம், சுங்க வரி விலக்குக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அரசு ஓர் அறிவிக்கை போட்டால் போதும். 2022 ஏப்ரலில் விலக்கு வந்தது அப்படித்தான். அறிவிக்கையில் முடிகிற வேலைக்கு மசோதா எழுதி வருடக்கணக்கில் காத்திருப்பது பனியன் தொழிலாளிக்கு உதவாது. என் ஓட்டு கேள்விக்கே.

திருநங்கையர் உரிமை மாதிரி, சட்டமே இல்லாத இடத்தில் மசோதாவுக்கு மதிப்பு உண்டு. தோற்றாலும் அரசை அசைக்கும்.