சளி ரிப்போர்ட்: ஸ்மியரா, சிபிநாட்டா?

தாராவியில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். கையில் இரண்டு ரிப்போர்ட். டி.பி.க்கான ஸ்மியர் நெகட்டிவ், சிபிநாட் பாசிட்டிவ். "எதைடா நம்புறது?" என்றார்.

இரண்டும் பொய் சொல்லவில்லை, பெரியப்பா. ஸ்மியர் என்பது சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். சிபிநாட் கிருமியின் மரபணுவையே தேடுகிறது. நூற்றுச் சொச்சம் இருந்தாலே பிடித்துவிடும். டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதையும் சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். நோயைக் கண்டுபிடிக்க என் ஓட்டு இதற்குத்தான்.

மருந்து ஆரம்பித்த பிறகு கதையே வேறு. செத்த கிருமியின் மரபணுவும் சிபிநாட்டில் பாசிட்டிவ் காட்டலாம். குணமாகிறதா என்று பார்க்க ஸ்மியரும், சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும்தான் சரி. ஸ்மியரில் கிருமியின் அளவு 3+ என்று இருந்தது 1+ ஆனால் கிருமி குறைகிறது என்று அர்த்தம். கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்கூட ஆகலாம்.

காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும். ஸ்மியருக்குப் பெரியப்பா கொடுத்ததில் பாதி எச்சில்!