சிங்கப்பூர்–லிமா டிக்கெட்: பல வருட அனுபவமும் அந்த ஒரு விழுக்காடும்

“அண்ணே, ஜூன் விடுமுறைக்கு நாங்க நாலு பேரும் பெருவுக்குப் போகலாம்னு இருக்கோம். டிக்கெட் எங்கே எடுக்கிறது?” என்று கீழ்மாடி நண்பர் கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். அடங்கவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் தம்பி வேலைக்காகப் பெருவின் தலைநகர் லிமாவுக்குப் போய் அங்கேயே குடும்பமும் ஆகிவிட்டான். அதனால் இந்த டிக்கெட் எங்கள் வீட்டில் வருடா வருடம் எடுக்கிற ஒன்று. மச்சு பிச்சு எப்படி, சாப்பாடு எப்படி என்பதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வழி தேடி, விலை பார்த்து, காசு கட்டி முடிக்கிற வரைக்கும்தான் நான் சொல்லப்போவது. அதிலும் காசு கட்டும் கடைசிப் பக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருடத்தில் குறையவே இல்லை.

முதலில் தூரம். உலக உருண்டையில் சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பது ஈக்வடார் நாட்டின் அமேசான் காடு. லிமா அங்கிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே. நேராகப் பறந்தாலே நம்மிடமிருந்து சுமார் 18,800 கிலோமீட்டர். பூமியில் இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கக்கூடிய ஆக அதிக தூரமே 20,000 கிலோமீட்டரை ஒட்டித்தான். அதனால் மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தேடல் தளங்கள் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாற்றம், நாற்பது மணி நேரம் என்று என்னென்னவோ காட்டும். நேரடி விமானம் கிடையாது. எஸ்ஐஏ, அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2011 முதல் 2016 வரை பார்சலோனா வழியாக சாவ் பாவ்லோவுக்குப் பறந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகு நம் விமானம் அந்தக் கண்டத்துப் பக்கம் போகவில்லை.

எனக்குப் பிடித்தது ஐரோப்பா வழி. ஆம்ஸ்டர்டாமுக்கோ பாரிசுக்கோ சுமார் 13 மணி நேரம், அங்கிருந்து லிமாவுக்கு இன்னொரு 12 மணி நேரத்துக்கு மேல். ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். மட்ரிட்டிலிருந்தும் லிமாவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. ஆனால் இங்கிருந்து மட்ரிட்டுக்கு நேரடி இல்லை என்பதால் இரண்டு மாற்றமாகிவிடும். தோஹா, துபாய் என்றால் சாவ் பாவ்லோவில் இறங்கி மறுபடி ஒன்று பிடிக்க வேண்டும். கிழக்கு வழி சிட்னி, பிறகு பசிபிக்கைத் தாண்டி சாண்டியாகோ, அங்கிருந்து லிமா. இதைத் தனித்தனி டிக்கெட்டாக எடுத்து சிட்னியில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டி வந்தால் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய சிங்கப்பூர்க் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உள்ளவர்களுக்கும் மின்-பயண அனுமதி வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸ் வழி அடிக்கடி மலிவாகத் தெரியும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் விசா வேண்டாம், எஸ்டா என்கிற இணைய அனுமதி போதும்; 2025 செப்டம்பர் கடைசியில் அதன் கட்டணத்தை 21 டாலரிலிருந்து 40 டாலராக்கினார்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு எஸ்டாவே கிடையாது, விசா எடுத்துத்தான் ஆக வேண்டும். விலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்த வழியானாலும் சரி, முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். இரண்டு மூன்று நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட ஆனாலும் இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சாங்கியில் பெட்டியைக் கொடுக்கும்போது கைப்பிடியில் ஒரு வெள்ளைத் தாள் சுற்றுவார்கள். அதில் லிமாவின் குறியீடான ‘எல்ஐஎம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அங்கிருந்து நகர்வேன். ஒருமுறை ஐரோப்பாவில் லிமா விமானம் ரத்தாகி, மறுநாள்தான் கிளம்பினோம். அந்த நிறுவனம் நாங்கள் கேட்பதற்கு முன்பே ஹோட்டலும் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்து அடுத்த விமானத்தில் இடமும் போட்டுவிட்டது. ஊர் திரும்பிய பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 விதியின்படி இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தேன். 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. இழுத்தடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு படிவம், இரண்டு மின்னஞ்சல், பணம் வந்துவிட்டது. இரண்டு துண்டாக டிக்கெட் எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பறக்கிற விஷயத்தில் எனக்கு எந்த நிறுவனத்தின் மீதும் வருத்தமில்லை. மனசாரச் சொல்கிறேன்.

இப்போது காசு.

ஒரு டிக்கெட் 2,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 11,200. விமான நிறுவனத்தின் தளத்தில் புறப்படும் இடம் சிங்கப்பூர் என்று போட்டால் பெரும்பாலும் விலை வெள்ளியிலேயே வரும். வெள்ளியில் காட்டுகிறான், வெள்ளியில் கட்டுகிறோம், அப்புறம் என்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த மாதம் கடன்பற்று அட்டையின் கணக்கு வரும். டிக்கெட் தொகை ஒரு வரியில் சரியாக இருக்கும். அதே வரியின் ஓரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர். அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி: 112 வெள்ளி.

வங்கிக்கு அழைத்தால் பொறுமையாக விளக்குவார்கள். நீங்கள் கட்டியது வெள்ளிதான், ஆனால் வாங்கியவர் வெளிநாட்டில் பதிவானவர். அதனால் ஒரு விழுக்காடு அளவில் கட்டணம் உண்டு என்பார்கள். வங்கியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அட்டை நிறுவனங்கள் வங்கியிடம் வசூலிப்பதை வங்கி நம்மிடம் வசூலிக்கிறது, அட்டை விதிமுறைகளிலும் அது எழுதியிருக்கிறது. சரி, வெளிநாட்டு நாணயத்திலேயே கட்டிவிடலாமே என்றால், இங்கே பெரும்பாலான வங்கிகள் அதற்கு 3.25 விழுக்காட்டை ஒட்டி எடுக்கின்றன. அதே 11,200-க்கு 364 வெள்ளி. ஆக, ஒரு விழுக்காடுதான் நமக்குக் குறைந்த நஷ்டம்.

11,200 வெள்ளி செலவு செய்கிற இடத்தில் 112 வெள்ளிக்காக யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். அந்தப் பணம் எந்த நாட்டில் பதிவாகப் போகிறது என்பதை ‘கட்டு’ என்ற பொத்தானை அழுத்தும் வரைக்கும் அந்தப் பக்கம் எங்கேயும் சொல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கால் நீட்ட எத்தனை அங்குலம் என்று போடுகிறார்கள். இந்தப் பயணத்தில் எத்தனை கிலோ கரியமிலவாயு வெளியாகும் என்று போடுகிறார்கள். சைவச் சாப்பாட்டிலேயே ஐந்து வகை காட்டுகிறார்கள். “இந்தத் தொகை வெளிநாட்டில் பற்றுவைக்கப்படும், உங்கள் வங்கி கட்டணம் எடுக்கலாம்” என்று ஒரு வரி போட மட்டும் இடமில்லையா? ஒரே நிறுவனத்தின் ஒரே தளத்தில் ஒரு வருடம் உள்ளூரில் பதிவானது, அடுத்த வருடம் வெளியூரில் பதிவானது. வாங்குகிறவனுக்கு இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. ஒரு பயணத்தை ரத்து செய்தபோது டிக்கெட் பணம் முழுதாகத் திரும்ப வந்தது. அந்த ஒரு விழுக்காடு வரவில்லை.

இடைத்தரகர் தளங்கள் இன்னும் மோசம். நாணயம் யூரோ என்று தேர்ந்தெடுத்து அட்டை எண்ணை அடித்ததும், அது சிங்கப்பூர் அட்டை என்று கண்டுகொண்டு ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். “சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்கள்” என்பதில் ஏற்கெனவே சரிக்குறி போட்டிருக்கும். விகிதம் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் உற்றுப் பார்க்க வேண்டிய அளவில். அது அவர்களே வைத்த விகிதம், அன்றைய சந்தை விகிதத்தைவிட நமக்குப் பாதகமானது. குறியை எடுத்தால் பக்கம் புதிதாக ஏறி, பயணிகள் பெயரெல்லாம் காலியாகிவிடும். நம்மவர் பெயரில் ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் எஸ்/ஓ இருந்தால் அந்தச் சாய்கோட்டை எடுக்கச் சொல்லி மறுபடி சிவப்பு எழுத்து. மேலே ‘இந்த விலை இன்னும் 6 நிமிடத்துக்கு’ என்று கடிகாரம் ஓடும். இப்படி அவசரப்படுத்தி ஒருவரின் கையிலிருந்து காசு வாங்குவது தவறு. நல்ல விமானச் சேவை கொடுக்கிறோம் என்பதால் அது சரியாகிவிடாது.

பல நாணய அட்டைகள் இதற்குப் பாதி மருந்து. யூடிரிப், வைஸ், ரெவலூட் போன்றவற்றில் நமக்கு வசதியான நாளில் யூரோவோ டாலரோ மாற்றி வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இந்தப் பணப்பைகளில் 5,000 வெள்ளிக்கு மேல் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்போது ஒரு குடும்பத்தின் டிக்கெட்டை ஒரே அட்டையில் கட்ட முடியாது. 2023 டிசம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த வரம்பை 20,000 வெள்ளியாக உயர்த்தியது. எனக்கு அது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால் கடன்பற்று அட்டையில் முழுத்தொகையும் கட்டினால் சில அட்டைகளோடு கிடைக்கும் இலவசப் பயணக் காப்புறுதி இதில் வராது, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் மைல்களும் வராது. அதனால் பெரிய டிக்கெட்டுக்குக் கடன்பற்று அட்டை, பெருவின் உள்நாட்டு விமானத்துக்குப் பல நாணய அட்டை என்று பிரித்துக்கொண்டேன். மச்சு பிச்சுவுக்குப் போக இறங்கும் ஊர் குஸ்கோ; லிமா–குஸ்கோ டிக்கெட்டை அமெரிக்க டாலரில் அப்படித்தான் வாங்குகிறேன், சொன்ன விலைக்கு மேல் ஒரு காசு போனதில்லை.

குஸ்கோ பற்றி நண்பருக்கு இரண்டு வார்த்தை. ஜூன் 24 அங்கே இந்தி ராய்மி, சூரியத் திருவிழா. மழையில்லாத பருவமும் அதுதான் என்பதால் அந்த வாரம் விமானமும் விடுதியும் சீக்கிரம் நிரம்பும். ஆக மலிவான டிக்கெட்டில் பெரிய பெட்டிக்கு இடமிருக்காது, அதைச் சேர்த்தே வாங்குங்கள். ஊர் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கிய அன்று எந்தச் சுற்றுலாவுக்கும் காசு கட்டாதீர்கள். லிமாவில் 2025 ஜூனில் திறந்த புதிய முனையத்திலிருந்தே உள்நாட்டு விமானமும் கிளம்புகிறது. பெரு நாட்டு விமான நிறுவனத்தோடு பேச வேண்டி வந்தால், அவர்களின் காலை 9 மணி நமக்கு இரவு 10.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவே கூடாது. குஸ்கோவுக்கும் மச்சு பிச்சுவுக்கும் மட்டும் போகிறவர்களுக்கு நோய் அபாயம் குறைவு என்பது உண்மை. ஆனால் நம் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் நாட்டை வைத்துத்தான் பார்க்கிறது. முந்தைய 6 நாள்களில் பெருவில் இருந்துவிட்டு வந்தால் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். டிக்கெட் எடுத்த வாரமே இதை முடித்துவிடுவது நல்லது.

சரி, எங்கே எடுப்பது? கணக்குப்படி பதில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளம்தான். விலை குறைவு, இருக்கை நம் கையில், பிரச்சினை வந்தால் நேராக அவர்களிடமே பேசலாம். இவ்வளவு நேரம் நான் பாராட்டியதும் அவர்களைத்தான்.

இருந்தாலும் நண்பருக்கு நான் சொல்வது, நம் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் ஒரு பயண முகவரிடம் வாங்குங்கள். நானும் அடுத்த முறை அங்கேதான். ஆளுக்கு 50, 60 வெள்ளி கூடச் சொல்வார்கள். நாலு பேருக்குக் கூட்டினால் அந்த 112-ஐவிட அதிகம், தெரிந்துதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேதி மாற்ற வேண்டியிருந்தால் கடை திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அவர் தாளில் எழுதிக் கொடுக்கும் தொகையும், நெட்ஸிலோ பேநவ்விலோ வங்கிக் கணக்கிலிருந்து நேராக நான் கட்டும் தொகையும், மாதக் கடைசியில் கணக்கில் வரும் தொகையும் ஒன்றாகவே இருக்கும். இத்தனை வருடம் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டிய பிறகு அதற்காகக் கூடக் கொடுக்க நான் தயார்.

போகும்போது நாலு கடப்பிதழையும் எடுத்துப் போங்கள், பெயரை அவரே பார்த்து அடித்துக்கொள்ளட்டும். லிமா வரைக்கும் ஒரே முன்பதிவு எண்தானா என்பதை மட்டும் காசைக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.